பீ ஹோட்டல்: விடுதியா, ஈனிலா?

மரச்சட்டம் ஒன்றுக்குள் மூங்கில் துண்டுகள், துளை போட்ட கட்டைகள், மேலே மழைக்கு ஒரு சின்னக் கூரை. சிங்கப்பூரில் பூங்காவிலோ புளோக்குக்குக் கீழேயுள்ள சமூகத் தோட்டத்திலோ இதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'பீ ஹோட்டல்'. தமிழில் எழுத வேண்டி வந்தால் சட்டென்று 'தேனீ விடுதி' என்று எழுதிவிடுகிறோம். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயரை நம்பிப் போகிறவர் ஏமாந்துதான் போவார். அங்கே தேன் கிடைக்காது, கூட்டம் சேராது, வருகிற தேனீயும் விருந்தாளியாகத் தங்க வருவதில்லை.

முதலில் ஹோட்டல். லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்றால் விருந்தாளி. விருந்து கொடுப்பவருக்கும் அதே சொல்தான். அதிலிருந்து கிளைத்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ஹோட்டல். ஹாஸ்பிடலும் ஹாஸ்டலும் அதன் உடன்பிறப்புகள். தமிழில் நுழைந்ததும் அது சாப்பாட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதனாலோ என்னவோ, பக்கத்தில் சீனித்தண்ணீர் வைத்தால் தேனீ வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. வருவது எறும்புதான்.

இந்தக் குழாய் வித்தை புதிதல்ல. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாபர் 19ஆம் நூற்றாண்டிலேயே நாணல் தண்டும் கண்ணாடிக் குழாயும் வைத்து, தேனீ உள்ளே கூடு கட்டுவதைப் பார்த்தவர். ஆய்வாளர்கள் இதை 'டிராப் நெஸ்ட்', அதாவது பொறிக்கூடு என்பார்கள். தோட்டக்காரர்கள் கைக்கு வந்தபோது ஹோட்டலாகிவிட்டது. பொறி என்று பெயர் போட்டால் யார் வாங்குவார்கள்?

அடுத்து, இந்தக் குழாய்களுக்கு வரும் 'சாலிட்டரி பீ', அதாவது கூட்டமாக வாழாமல் தனியே கூடு கட்டும் தேனீ. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை இந்த வகை. சிங்கப்பூரில் மட்டும் 100க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. சாலிட்டரி பீக்கு ராணி இல்லை, வேலைக்காரத் தேனீ இல்லை, காக்க வேண்டிய தேனடை இல்லை. அதனால் வீண் சண்டைக்கும் வராது. 'தனிமைத் தேனீ' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை; தனிமை என்றதும் துணையில்லாத ஏக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'தனித்தேனீ' போதும். தனிக்குடித்தனத்தில் யாரும் ஏக்கத்தைத் தேடுவதில்லையே.

சரி, அது குழாய்க்குள் என்னதான் செய்கிறது? ரோஜாச் செடியின் இலை ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் அரைவட்டம் தெரிந்தால், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய துண்டை வயிற்றோடு அணைத்துப் பறந்து வந்து, துளைக்குள் சுருட்டி ஒரு கிண்ணம் செய்யும். அதில் மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த உணவு, அதன்மேல் ஒரே ஒரு முட்டை, அப்புறம் இலை மூடி. அதற்கு முன்னால் அடுத்த அறை. இன்னொரு வகை இலைக்குப் பதில் மரப்பிசினால் அடைக்கும். பெண்ணாகப் பிறக்கும் முட்டைகள் ஆழத்தில், ஆண் முட்டைகள் வாசல் பக்கம்; ஆண்கள்தான் முதலில் வெளியே வரும். கடைசி அறையும் நிரம்பியதும் தாய் வாசலை அடைத்துவிட்டுப் போய்விடும். பிள்ளைகள் முகத்தை அநேகமாகப் பார்ப்பதில்லை.

இதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் தயாராக இருக்கிறது: ஈனில். ஈன் + இல், ஈனுவதற்கான இல்லம். குறுந்தொகையின் 85ஆம் பாடலில், சூல் முதிர்ந்த பேடைக்கு 'ஈனில்' அமைக்க ஊர்க்குருவிச் சேவல் கரும்பின் மணமில்லாத வெண்பூவைக் கோதி எடுக்கும். பறவை நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடல்ல, பேறுகால வீடு. நம் மூங்கில் குழாயும் அதேதான். ஒரு வித்தியாசம்: குருவியில் சேவல் உழைக்கிறது, தனித்தேனீயில் ஆண் ஒரு துரும்பைக்கூட அசைப்பதில்லை.

வேறு சொற்களும் இருக்கின்றன. தேன்கூடு என்றால் தேனடை நினைவுக்கு வரும். தேனீப்பெட்டி தேனீ வளர்ப்பவர்களுடையது. பொந்து தனித்தனித் துளைக்குப் பொருந்தும், மொத்த அமைப்புக்குப் பொருந்தாது. விடுதி என்றால் இங்கே மாணவர் விடுதி, ஊழியர் தங்கும் விடுதி, அதாவது பலர் சேர்ந்து தங்குமிடம். 'தேனீ ஈனில்' என்று சொல்லும்போது இரண்டு ஈ நாக்கில் இடறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

பிள்ளை வளரும் இடம் என்று புரிந்துவிட்டால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். துளை 3 முதல் 10 மி.மீ. அகலம், சுமார் 15 செ.மீ. ஆழம். ஆழம் குறைந்தால் ஆண் தேனீக்களே மிகுதியாகும். பின்பக்கம் மூடியிருக்க வேண்டும். மூங்கிலைக் கணுவோடு சேர்த்து அறுத்தால் அது தானாகவே அமையும். வாயை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், சிலாம்பு இருந்தால் சிறகு கிழியும். கடையில் வாங்குவதில் இருக்கும் பைன் காய், வைக்கோல் எல்லாம் வெறும் அலங்காரம்.

குளிர்நாட்டுக் கையேடுகள் கூட்டைத் தெற்கு வெயிலுக்குத் திருப்பி வைக்கச் சொல்லும். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே, வெயில் உச்சந்தலையில் விழும் ஊரில் அதற்கு அர்த்தமில்லை. இங்கே எதிரி ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டும் மழையும் அதனால் பிடிக்கும் பூஞ்சணமும். தாழ்வாரத்தின்கீழ், ஆடாமல், குழாய்களைப் படுக்கைவாட்டில் வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் துணி காயப்போடும் மூங்கில் கழியின் குழாய்களுக்கு ஏன் மூடி போடச் சொல்கிறார்கள் என்று தெரியும்தானே. நிமிர்ந்த மூங்கிலிலும் தண்ணீர் தேங்கி, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு அப்படித்தான் குடியேறும். வாசல் அடைப்பு உடைந்து எல்லாம் வெளியேறிய பிறகு பழைய குழாயை எறிந்துவிட்டுப் புதியது வையுங்கள். பக்கத்திலுள்ள துளசிக் கதிரைக் கிள்ளாமல் பூக்க விட்டால் வரவேற்பு அதுவே.

குளவியும் வரும். புழுவைத் தூக்கி வந்து உள்ளே அடைக்கும். கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்று நம் பக்கம் சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அந்தப் புழு, குளவிக் குஞ்சின் சாப்பாடு. விரட்ட வேண்டாம், செடியைத் தின்னும் புழுக்கள் குறையும்.

கருவண்டு என்கிறோமே, அதுவும் ஒரு தேனீதான்; அது பெரும்பாலும் இந்தப் பக்கம் வராமல் பட்ட மரத்தைத் தானே குடைந்துகொள்ளும். கத்தரிப் பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும் நீலவரித் தேனீயும் வராது. அது மண்ணைத் தோண்டி முட்டையிடும். தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு அப்படித்தான். எலிவளை, நண்டுவளை என்கிறோமே, அந்த வளைதான் அதற்கும் பெயர். அதற்குப் பெட்டியும் வேண்டாம், பலகையும் வேண்டாம். நீர் தேங்காத ஒரு மூலையை மூடாக்குப் போடாமலும் கொத்தாமலும் விட்டால் போதும்.