ஜோம்பி வீட்டில் பயம் தயாராகும் விதம்

அக்டோபர் வந்துவிட்டால் போதும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கைவிடப்பட்ட தொழிற்சாலைகள், கிடங்குகள், பண்ணைக் கட்டடங்கள் எல்லாம் ஹாலோவீன் என்ற பேய்த் திருவிழாவுக்காக ஜோம்பி வீடுகளாக, அதாவது நடமாடும் பிணங்களாக வேடமிட்டவர்கள் பயமுறுத்தும் இடங்களாக, மாறிவிடும். மக்கள் டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று உள்ளே போவார்கள். அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். வந்ததும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உள்ளே துரத்தியது சம்பளத்துக்கு நடிக்கும் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகும் நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொள்கிறது?

முதலில் திடுக்கிடலைப் பார்ப்போம். சுவரில் இருந்த பலகை ஒன்று படாரென்று விழுகிறது, அந்த ஓட்டையில் ஒரு முகம். காதில் விழுந்த சத்தம் மூளைத்தண்டில் இருக்கும் ஒரு சிறிய நரம்பணுக் கூட்டத்துக்குப் போய், அங்கிருந்து நேராகத் தண்டுவடம் வழியாகத் தசைகளுக்கு இறங்கிவிடுகிறது. இடையில் வெகுசில இணைப்புகள்தான். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். அடுத்தடுத்து கழுத்து முன்னுக்கு இழுபடும், தோள்கள் ஏறும், முழங்கைகள் மடங்கும். 1930களில் லாண்டிஸ், ஹண்ட் என்ற இரு உளவியலாளர்கள் துப்பாக்கிச் சத்தத்துக்கு மனிதர்கள் திடுக்கிடுவதை அதிவேக கேமராவில் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். சத்தம் பழகப் பழக மற்ற அசைவுகள் குறைந்தன, இமைப்பு மட்டும் விடாப்பிடியாக நின்றது. 'இது நடிப்புதான்' என்று புரிந்துகொள்ளும் மூளையின் மேற்பகுதிக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் உடம்பு துள்ளி முடித்திருக்கும். அறிவு அங்கே தாமதமாகத்தான் வருகிறது.

ஆனால் திடுக்கிட வைப்பது சுலபம். பலூன் வெடித்தாலே போதும். ஒரு ஜோம்பி வீடு நல்லதா மோசமா என்று தீர்மானிப்பது அந்தச் சத்தத்துக்கு முன்னால் இருக்கும் அமைதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்குக் காரணம் அமிக்டலா. மூளையின் ஆழத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இந்தச் சிறு பகுதி, ஆபத்து வரப்போகிறது என்று தோன்றும்போது திடுக்கிடும் பாதையின் வீரியத்தைக் கூட்டிவைக்கிறது. அப்போது அதே சத்தத்துக்கு உடம்பு இரண்டு மடங்கு துள்ளலாம். வேறு ஆபத்து எதுவும் இல்லாமல் வெறும் இருட்டே இதைச் செய்யும் என்பதையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்: வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அதிகமாகத் திடுக்கிடுகிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருட்டே ஆளை அரள வைக்கிறது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வடிவமைப்பாளர்கள் இதைக் கணக்குப் பார்த்துப் பயன்படுத்துகிறார்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். எனவே முதலில் பளீரென்ற ஒரு அறை, அதை ஒட்டியே கும்மிருட்டான ஒரு நடை. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு இன்னொரு உத்தி. இரண்டு மின்னலுக்கு நடுவே நடிகர் நகர்வது தெரியாது. தூரத்தில் நின்றவர் திடீரென்று பக்கத்தில் நிற்பார்.

எனக்கு மிகவும் பிடித்த உத்தி பொம்மைகள் நிற்கும் நடைபாதைதான். இரு பக்கமும் ஒரே மாதிரி கிழிந்த சட்டை, ஒரே மாதிரி தொங்கிய தலை. அவற்றில் ஒன்று உயிருள்ள ஆள் என்று உள்ளே நுழைபவருக்கு உடனே சந்தேகம் வரும். ஒவ்வொரு நெஞ்சுக்கூடும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்வார். 'இது இல்லை, இதுவும் இல்லை' என்று கடந்துபோன பிறகு, ஏற்கெனவே பார்த்துக் கழித்த ஒன்று பின்னாலிருந்து அசையும். மூளை ஓயாமல் அடுத்த நொடியைக் கணித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. அது முடிவு கட்டி மூடிவிட்ட இடத்திலிருந்து ஆபத்து வருவதுதான் உச்சம்.

சரி, அதற்கு ஏன் ஜோம்பி? பேய் போதாதா? ஜோம்பிக்கு அழுகல் இருக்கிறது. திரவ லேட்டக்ஸை, அதாவது ரப்பர் பாலை, தோலில் பூசி, மேலே டிஷ்யூ காகிதத்தை ஒட்டி, காய்ந்ததும் நடுவில் கிழித்துவிடுகிறார்கள். ஓரங்கள் உரிந்த தோல் போலச் சுருண்டு நிற்கும். பள்ளத்தில் கருஞ்சிவப்புச் சாயம், அதன்மேல் சோளப் பாகில் நிறம் கலந்த ரத்தம். அந்தப் பாகின் பிசுபிசுப்பும் பளபளப்பும் ஆறாத புண்ணை அப்படியே காட்டும். நோயிலிருந்து நம்மை விலக்கிவைக்க உருவான அருவருப்பு உணர்வுக்கு இது போதுமான சைகை. அருவருப்பு நம்மை ஓடச் சொல்வதைவிட ஒதுங்கச் சொல்கிறது. அதனால்தான் நடைபாதையை ஒதுங்கவே முடியாத அளவுக்குக் குறுக்கிவைக்கிறார்கள்.

ஜோம்பி நடக்கும் விதமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓர் உருவம் மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே வரும், ஆனால் கிட்டத்தட்ட மனிதன் என்ற நிலையில் திடீரென்று வெறுப்பு தட்டும், அசைவு இருந்தால் அந்தச் சரிவு இன்னும் ஆழமாகும் என்றார். அவர் வரைபடத்தில் அந்தப் பள்ளத்தின் அடியில் பெரும்பாலும் ஜோம்பியைத்தான் காட்டுகிறார்கள்.

கடைசி அறையில் வழக்கமாக மரம் அறுக்கும் மோட்டார் ரம்பமான செயின்சாவோடு ஒருவர் வருவார். வெட்டும் சங்கிலியைக் கழற்றிவிட்டிருப்பார்கள், இன்ஜினும் பெட்ரோல் வாசனையும் மட்டும் நிஜம். மனித அலறலை ஆராய்ந்தவர்கள் 2015இல் ஒன்றைக் கண்டார்கள். அலறலின் ஒலி அளவு நொடிக்கு 30 முதல் 150 முறை ஏறி இறங்குகிறது, அந்தக் கரகரப்புக்கு அமிக்டலா தனியாகப் பதில் கொடுக்கிறது. செயின்சா சும்மா உறுமும்போது அதன் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,500 முதல் 3,000 முறை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 40, 50 வெடிப்பு. அதே எல்லைக்குள் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இதற்குள் அட்ரீனலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்திருக்கும். இதயத் துடிப்பு ஏறும், உள்ளங்கை வியர்க்கும், வாய் வறளும். கதவைத் தாண்டி வெளியே வந்ததும் ஆபத்து முடிந்தது என்று மனம் உடனே தெரிந்துகொள்கிறது, உடம்பு அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். மிச்சமிருக்கும் அந்தப் படபடப்பு அடுத்து வரும் உணர்ச்சியோடு ஒட்டிக்கொள்ளும் என்று உளவியலாளர் டால்ஃப் ஸில்மன் விளக்கினார். வெளியே நண்பர்கள் நிற்கிறார்கள், எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். படபடப்பு சிரிப்பாகிறது.

ஆனால் பயம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடுமா? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைலே நகரில் நடக்கும் ஒரு பேய் வீட்டில் 110 பேருக்கு இதயத் துடிப்புக் கருவி மாட்டி உள்ளே அனுப்பினார்கள். 2020இல் வெளியான முடிவு: பயம் மிகக் குறைவாக இருந்தபோதும் சுவை இல்லை, மிக அதிகமானபோதும் இல்லை. நடுவில்தான் உச்சம். இதயத் துடிப்பிலும் அப்படியே. வழக்கமான நிலையிலிருந்து கொஞ்சம் விலகிய ஏற்ற இறக்கம் இனித்தது, வெகுதூரம் விலகியது கசந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு அதே குழு வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அதில் சிலர் பயத்தை முடிந்த அளவு கூட்டிக்கொள்ளவும், வேறு சிலர் குறைத்துக்கொள்ளவும் முயன்றார்கள். முதல் வகையினர் கதையை நம்பி, வாய்விட்டு அலறினார்கள். இரண்டாம் வகையினர் கண்ணை மூடினார்கள், நண்பர் கையைப் பிடித்தார்கள், 'எல்லாம் பொய்' என்று சொல்லிக்கொண்டார்கள். இரு சாராருக்கும் கிடைத்த திருப்தி ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணை மூடிக்கொள்பவரைக் கேலி செய்ய வேண்டாம். அவரும் தன் அளவை நடுவுக்குக் கொண்டுவரும் வேலையைத்தான் செய்கிறார்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் மார்ஜி கெர் என்ற சமூகவியலாளர் குழுவினர் ஒரு பேய் வீட்டுக்கு வந்த 262 பேரை ஆராய்ந்தபோது, பலருக்கும் உள்ளே போய்வந்த பின் மனநிலை தெளிந்திருந்தது. சோர்வோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களிடம் அது நன்றாகவே தெரிந்தது. ஒன்றை மறக்கக்கூடாது. அவர்கள் எல்லோரும் தாங்களாக விரும்பி டிக்கெட் வாங்கியவர்கள். யாராவது இழுத்துப்போன குழந்தைக்கோ, தயங்கும் நண்பருக்கோ இந்தப் பலன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள் ஸ்ட்ரோப் விளக்கு உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பு நிஜமாக இருந்தால்தான் விளையாட்டு விளையாட்டாக இருக்கும். 1984 மே 11 அன்று நியூஜெர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பேய்க் கோட்டை தீப்பிடித்து எட்டு இளைஞர்கள் இறந்தார்கள். அதன் பின் இத்தகைய கட்டடங்களுக்கான தீ விதிகள் கடுமையாயின: புகை உணர்கருவி, தானாக நீர் தெளிக்கும் குழாய்கள், ஆபத்து என்றால் உடனே எரியும் விளக்குகள், கண்ணில் படும் வெளியேறும் வழி. உள்ளே நுழையும்போது அந்த வழி எங்கே என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பயம் அதனால் குறைந்துவிடாது.