மின்னூசி: எலக்ட்ரோ அக்குபங்சருக்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது?

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும், முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் உள்ள வீடுகளில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, "முட்டுக்குக் கரண்டு வச்சாவ". மற்றது, "முட்டுல ஊசி போட்டாவ". இரண்டுமே எலக்ட்ரோ அக்குபங்சரை, அதாவது உடம்பில் செருகிய மெல்லிய ஊசிகளில் சிறிது மின்சாரம் செலுத்தும் வைத்தியத்தைக் குறிக்கலாம். ஆனால் எல்லை தாண்டிப் போய்த் திருவனந்தபுரத்தில் அறுவை செய்த மருத்துவரிடம் இரண்டாவதைச் சொன்னால், செயற்கை மூட்டுக்குள் யாரோ மருந்து செலுத்திவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அந்தப் பதற்றம் நியாயமானது. இந்தச் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதற்கு அதுவே முதல் காரணம்.

அக்குபங்சர் லத்தீன் சொற்களால் ஆனது. 'ஆக்குஸ்' என்றால் ஊசி, 'புங்க்தூரா' என்றால் குத்துதல். டயருக்குப் போடும் பஞ்சரும் இதே குத்துதல்தான். ஐரோப்பாவில் இந்தச் சொல்லைப் பரப்பியவர் வில்லெம் டென் ரைனே என்ற டச்சு மருத்துவர். நாகசாகி அருகே தெஜிமா தீவில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்தபோது ஊசி வைத்தியத்தை அறிந்துகொண்டார். 1683இல் லண்டனில் வெளியான அவருடைய லத்தீன் நூலில் இச்சொல் வருகிறது. அந்த நூலின் முதன்மைப் பொருள் மூட்டுவாதம் என்பது கவனிக்க வேண்டியது. மூட்டு வலியும் இந்தச் சொல்லும் ஒரே அட்டைக்குள்தான் ஐரோப்பாவுக்குப் போயின.

சீன மூலச்சொல் வேறு மாதிரியானது. 'ஜென் ஜியு' என்பதில் ஜென் ஊசி, ஜியு சூடு. மூலிகைப் பஞ்சைக் கொளுத்திச் சூடு காட்டுவதும் சேர்ந்ததுதான் அந்த மருத்துவம். லத்தீன் சொல் சூட்டை விட்டுவிட்டுக் குத்தலை மட்டும் எடுத்துக்கொண்டது. ஊசியோடு மின்சாரத்தைச் சேர்த்தது பிரான்ஸ். வாதநோய்க்கு ஊசி வழியாக மின்சாரம் செலுத்துவதைப் பற்றி சார்லாந்தியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1825இல் எழுதினார். சீனர்கள் பின்னாளில் இதற்கு 'தியென் ஜென்' என்று பெயர் வைத்தார்கள். தியென் மின்சாரம், ஜென் ஊசி. சொல்லுக்குச் சொல் எடுத்தால் மின்னூசி.

தமிழில் 'அக்கு' தனியே பிரிந்து வேறு வழியில் போய்விட்டது. 'அக்குவேறு ஆணிவேறாக' என்று பேசிப் பழகிய நமக்கு அது ஏதோ தமிழ்ச்சொல் போலவே ஒலிக்கிறது. அக்கு பாயிண்ட், அக்கு ஹீலர் என்றெல்லாம் வழக்கு வந்துவிட்டது. போதாததற்கு, நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொடுவதையே அக்குபங்சர் என்று பலர் சொல்கிறார்கள். ஊசியும் இல்லை, குத்தலும் இல்லை, பெயர் மட்டும் ஊசிக்குத்து! ஆகவே 'அக்குபங்சர் பார்த்தேன்' என்று ஒருவர் சொன்னால், ஊசி உள்ளே போனதா என்று தனியாகக் கேட்டே தீர வேண்டும். செயற்கை மூட்டு உள்ளவர் விஷயத்தில் அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

'குத்தூசி மருத்துவம்' எழுத்துத் தமிழில் பரவலான மொழிபெயர்ப்பு. தவறில்லை. ஆனால் குத்தூசி என்றதும் கண்முன் வருவது சாக்குத் தைக்கும் தடித்த ஊசி. உண்மையில் இங்கே பயன்படுவது 0.25 மில்லிமீட்டர் தடிமன்தான். சாதாரண ஊசி மருந்துக்கான 23 கேஜ் ஊசி 0.6 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும், அதில் பாதிகூட இல்லை இது. எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாளத்தில் 'குத்திவைப்பு' என்றால் ஊசி மருந்தும் தடுப்பூசியும்தான். குத்து என்ற சொல் வந்ததுமே மருந்து நினைவுதான் வரும். ஆகவே 'மின் குத்தூசி'யைவிட மின்னூசியே தேவலை. மின் + ஊசி, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்ததும் இரட்டித்து மின்னூசி ஆகிறது. 'மின் ஊசி' என்று பிரித்து எழுத வேண்டியதில்லை. வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். 'போட்டார்' என்றால் மருந்து போட்டதாகிவிடும், 'செருகினார்' என்பதே சரி.

முட்டு, மூட்டு இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. குமரி மாவட்டத்திலும் மலையாளத்திலும் முட்டு என்றால் முழங்கால். மூட்டு என்பது எந்த இணைப்புக்கும் பொது. மூட்டின கைலி, மூட்டாத கைலி என்கிறோமே, அதே மூட்டுதல்தான், இரண்டை இணைப்பது. இடுப்பிலும் மூட்டு மாற்று உண்டு என்பதால் 'முழங்கால் மூட்டு மாற்று' என்று முழுதாகச் சொல்வது நல்லது. அதற்குப் பிந்தைய பயிற்சியை 'மறுவாழ்வு' என்று எழுதினால் குடிநோய் மையம்தான் நினைவுக்கு வரும். மீள்பயிற்சி போதும்.

இனி சொல் குறிக்கும் பொருளுக்கு வருவோம். ஒருமுறை மட்டுமே பயன்படும், கிருமி நீக்கிய எஃகு ஊசிகள், பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் நீளம். கைப்பிடி உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கைப்பிடியில் மின்சாரம் ஏறாது. ஊசிகளை இரண்டிரண்டாக இணைத்து, பேட்டரியில் ஓடும் சிறு கருவியின் கிளிப்புகளை மாட்டுவார்கள். கிளிப்பை மாட்டும் முன் எல்லாத் திருகையும் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். பிறகு கருவியை இயக்கி, தசை லேசாகத் துடிக்கும் வரை ஒவ்வொரு இணையாகக் கூட்டுவது முறை. நோயாளி பல்லைக் கடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். ஐந்து நிமிடத்தில் உடம்பு பழகித் துடிப்பு குறைந்தாற்போல் இருக்கும், அப்போது ஒரு சிறு அளவு கூட்டலாம். மொத்தம் 20 முதல் 30 நிமிடம். முடிந்ததும் மறுபடி பூஜ்யம், பிறகு கிளிப், கடைசியில் ஊசி. இந்த வரிசையை மாற்றினால் தசை வெட்டி இழுக்கும், ஊசி வளையும்.

அதிர்வெண் பற்றி: வினாடிக்கு 2 துடிப்பு என்றால் உடம்பில் எண்டார்பின், என்கெபலின் வகை வலிநீக்கிகள் சுரக்கும், 100 துடிப்பு என்றால் டைனார்பின். இரண்டையும் சில வினாடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஓடவிடுவது மூட்டு மாற்றுக்குப் பின் வழக்கம்.

எங்கே செருகுவது என்பதில்தான் பிழை நேர்கிறது. முழங்கால் வலிக்கான பாடத்தில் முதலில் வருவது 'முழங்கால் கண்கள்', அதாவது முழங்கால் சிப்பிக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகள். இயற்கை மூட்டில் அது சரி. செயற்கை மூட்டில் அந்தக் குழி வழியே போகும் ஊசி நேராக மூட்டுறைக்குள் இறங்கும். தோலின் கிருமி உலோகத்தில் ஒட்டிவிட்டால் மாத்திரையால் மட்டும் போகாது, மூட்டையே திறந்து கழுவ, சில வேளை கழற்றி மாற்ற நேரும். ஆகவே மாற்று மூட்டு உள்ள காலில் அந்த இரண்டு இடங்களும் எக்காலத்திலும் வேண்டாம். ஸூ சான் லி என்ற புள்ளி சிப்பியின் கீழே நான்கு விரற்கடை தள்ளி, கணைக்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே இருக்கிறது. அறுவைக் கீறலின் கீழ்முனைக்கு அது அருகில் வருவதால், ஸ்டேப்ளர் பின் எடுத்துத் தழும்பு காயும் வரை, ஏறக்குறைய முதல் இரண்டு வாரம், மறுகாலில் அதே புள்ளியைப் பயன்படுத்தலாம். கணைக்காலின் வெளிப்பக்க எலும்பின் தலைக்கு முன்னே உள்ள புள்ளியில் ஊசி ஆழமானால் பாதம் வரை சுரீரென்று ஓடும், பக்கத்தில் நரம்பு போகிறது. அறுவைக்குப் பின் பாதத்தை மேலே தூக்க முடியாதவருக்கு அந்த இடம் கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்குச் செருகிய இடம் கன்றிப்போகும். ஊசியை எடுத்ததும் பஞ்சால் ஓரிரு நிமிடம் அழுத்த வேண்டும். கெண்டைக்கால் ஒருபக்கம் வீங்கி, தொட்டால் வலித்தால் மின்னூசி இருக்கட்டும், முதலில் ரத்தக்கட்டி உண்டா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மின்னூசி வேண்டாம். நரம்பு மரப்பு மருந்து தெளியாத காலிலும் கூடாது, அளவு மிஞ்சியதை அந்தக் கால் சொல்லாது.

'கரண்டு' என்ற சொல் செய்யும் கெடுதியும் இங்கேதான். உலோக மூட்டின் மேல் கூடாதது, ஆழத்தில் சூடேற்றும் ஷார்ட் வேவ் டயதெர்மி. உலோகம் அந்த அலையை வாங்கிச் சுற்றியுள்ள சதையைச் சுட்டுவிடும். பட்டை ஒட்டி வைக்கும் டென்ஸ், ஊசியில் வைக்கும் மின்னூசி இரண்டும் அப்படிச் சூடேற்றுவதில்லை. மூன்றுக்கும் நம்மிடம் இருப்பது 'கரண்டு வைக்கது' என்ற ஒரே பேச்சு. 'கரண்டு ஆகாது' என்று மருத்துவர் சொன்னால் எந்தக் கரண்டு என்று கேளுங்கள்.

ஊசி வேலை செய்கிறதா என்று அறியச் சீன மருத்துவர்கள் நான்கு உணர்ச்சிகளைக் கேட்பார்கள். தமிழில் அவற்றுக்குப் பழகிய சொற்களே இருக்கின்றன: கடுப்பு, மரப்பு, பாரம், விம்மல். எரிச்சலோ குத்தலோ அந்தப் பட்டியலில் இல்லை, அவை வந்தால் ஊசியை நகர்த்த வேண்டும். மலையாளம் பேசும் செவிலியர் 'வேதன உண்டோ' என்று கேட்டால், தமிழ்க் காதுக்கு அது மனவருத்தம் போல் கேட்கும். அவர் கேட்பது உடம்பு வலி. சும்மா 'இல்லை' என்று தலையாட்டிவிட்டால் வலி அட்டவணையில் பூஜ்யம் விழும், மருந்தும் அதற்கேற்பக் குறையும்.

பலன் எவ்வளவு? 2017இல் ஜாமா சர்ஜரி என்ற மருத்துவ ஏட்டில் வந்த ஒரு தொகுப்பாய்வு, முழங்கால் மாற்றுக்குப் பின் அக்குபங்சர் ஓபியாய்டு என்னும் கடும் வலிநீக்கி மருந்து கேட்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது என்றும், மின் சிகிச்சை அதன் அளவைக் குறைக்கிறது என்றும் கண்டது. கால் மடங்குவதும் நிமிர்வதும் மின்னூசியால் நடப்பதல்ல. வலி தணிந்திருக்கும் நேரத்தில் பயிற்சி செய்தால்தான் செருகியதற்குப் பயன். குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைப் படுக்கையை நோக்கி அழுத்தி 5 வினாடி பிடித்து, 10 முறை. பிறகு குதிகாலைப் பின்னால் இழுத்து மடக்குதல். இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடங்குவது பொதுவான இலக்கு. சுகமாக இருக்கிறதென்று முட்டுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் கால் முழுதாக நிமிராமல் நின்றுவிடும்.

சீட்டில் எழுதும்போது இப்படி இருக்கலாம்: 'வலது முழங்கால் மூட்டு மாற்று, 10ஆம் நாள். இடது காலில் மின்னூசி, 4 ஊசி செருகியது, 4 எடுத்தது, 2/100 துடிப்பு, 25 நிமிடம். மருந்து செலுத்தவில்லை.'