சட்டகம்: ஃபிரேம்வொர்க் என்னும் சொல்லும் அது கேட்கும் முடிவும்

வலைச்செயலி ஒன்றைக் கட்டத் தொடங்கும் குழுவில் ‘எந்த ஃபிரேம்வொர்க்?’ என்ற கேள்வி முதல் நாளே எழுந்துவிடும். செயலிகளுக்குப் பொதுவான வேலைகளை முன்கூட்டியே எழுதித் தரும் ஃபிரேம்வொர்க்குகள் பல இருப்பதால், ஜாங்கோவா, லாரவேலா, ரெயில்ஸா என்று பேச்சு சூடுபிடிக்கும். ‘நம் செயலிக்கு அது தேவைதானா?’ என்று கேட்பவர் அரிது. அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் சொல்லின் பொருள் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் அதற்குப் பொருத்தமான சொல் சட்டகம் என்பதே என் கருத்து. பழக்கத்தில் இருக்கும் மற்ற சொற்களைவிட அது ஏன் மேலானது என்பதையும், தேர்வு செய்பவருக்கு அது எப்படி உதவுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் இது தச்சர்களிடமிருந்து வந்த சொல். ஃபிரேம் என்பதன் பழைய ஆங்கில வேருக்குப் பயன் தருதல், முன்னேறுதல் என்று பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் அது கட்டடத்துக்கு மரத்தைச் செதுக்கி ஆயத்தப்படுத்துவதைக் குறித்தது. பிறகு அப்படிப் பொருத்தி நிறுத்திய அமைப்பையே குறித்தது. ஃபிரேம்வொர்க் என்ற கூட்டுச்சொல் 17-ஆம் நூற்றாண்டில் எழுத்துக்கு வருகிறது. இதில் வரும் ‘வொர்க்’ அலுவலையோ பணியையோ குறிக்கவில்லை. செங்கல் வேலை, இரும்பு வேலை என்று நாம் சொல்லும்போது செய்து முடித்த பொருளைக் குறிக்கிறோமே, அந்தப் பொருள்தான் இங்கும். பணிச்சட்டகம், வேலைச்சட்டகம் என்று மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நெட்வொர்க்கிலும் அதே ‘வொர்க்’ இருக்கிறது. அதை நாம் வலைப்பணி ஆக்கவில்லை. வலையமைப்பு, பிணையம் என்று சரியாகவே சொல்கிறோம்.

கணினித்துறையில் இந்தச் சொல் 1980-களில் ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியைச் சுற்றி வேரூன்றியது. நார்வேயைச் சேர்ந்த டிரிக்வே ரீன்ஸ்காக், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1979-இல் முன்வைத்த ‘மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி’ என்ற பிரிவு, அதாவது தரவையும் திரைத் தோற்றத்தையும் பயனரின் உள்ளீட்டைக் கையாள்வதையும் தனித்தனியே வைப்பது, இன்றைய வலைச் சட்டகங்கள் பலவற்றின் முதுகெலும்பாக இருக்கிறது. ஆனால் சொல்லுக்குக் கூர்மையான பொருள் கொடுத்தவர்கள் ரால்ஃப் ஜான்சன், பிரையன் ஃபூட் இருவரும். எழுதிய நிரலை மறுபடி பயன்படுத்துவது பற்றி 1988-இல் எழுதிய கட்டுரையில் அவர்கள் கட்டுப்பாடு தலைகீழாவதைச் சுட்டினார்கள். ஆயத்த நிரல்களின் தொகுப்பான நிரலகத்தை, அதாவது லைப்ரரியை, உங்கள் நிரல் அழைக்கும். சட்டகமோ உங்கள் நிரலை அழைக்கும். முதன்மை நிரலின் இடத்தில் சட்டகம் அமர்ந்துகொள்கிறது. நீங்கள் எழுதுவது அது கேட்கும்போது பதில் சொல்லும் பகுதிகளை மட்டுமே. ‘நீங்கள் எங்களை அழைக்க வேண்டாம், நாங்களே அழைக்கிறோம்’ என்ற ஹாலிவுட் விதியாக இது நிரலர்களிடையே பெயர் பெற்றது.

ஜாங்கோவில் ஒரு படிவம் வந்து சேரும்போது நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். வாசகர் பொத்தானை அழுத்துகிறார். கோரிக்கை முதலில் சட்டகத்தின் கைக்குப் போகிறது. அனுப்பியவர் உள்நுழைந்தவரா என்பதை அமர்வுக் குறிப்பிலிருந்து, அதாவது அவர் தளத்தில் இருக்கும் நேரத்துக்கான பதிவிலிருந்து, அது கண்டறிகிறது. அந்தப் படிவம் உண்மையில் இந்தத் தளத்திலிருந்து புறப்பட்டதா, வேறொரு தளம் வாசகரின் பெயரில் திருட்டுத்தனமாக அனுப்பியதா என்பதை ஒரு மறைக்குறியை ஒப்பிட்டுச் சோதிக்கிறது. முகவரியைப் பார்த்து, அதற்கென்று நீங்கள் எழுதிவைத்த செயற்கூற்றை, அதாவது ஃபங்ஷனை, தேடி அழைக்கிறது. அந்தச் செயற்கூறு பத்து வரிகளாக இருக்கலாம். அது தரவுத்தளத்தைக் கேட்கும்போதும் பயனர் உள்ளிட்ட எழுத்துகள் வினவலின் உடலோடு ஒட்டாமல் தனியாகவே போகின்றன. ஆகவே பெயர்ப் பெட்டியில் யாராவது கட்டளையைத் தட்டச்சு செய்தாலும் அது வெறும் பெயராகவே நடத்தப்படும். பக்கத்தை வரையும்போது ஆபத்தான குறிகளைச் செயலிழக்கச் செய்வதும் சட்டகமே. உங்கள் பத்து வரிகளுக்கு முன்னும் பின்னும் இத்தனை நடக்கிறது.

இதைக் குறிக்கத் தமிழில் மிகுதியாகப் புழங்கும் சொல் கட்டமைப்பு. எனக்கு அதில் நிறைவில்லை. ஸ்டிரக்சர் என்பதற்கும் கட்டமைப்பு, ஆர்க்கிடெக்சருக்கும் பல இடங்களில் கட்டமைப்பு, சாலையும் மின்சாரமும் உள்கட்டமைப்பு. ‘இந்தச் செயலியின் கட்டமைப்பு என்ன?’ என்று கேட்டால், பகுதிகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று கேட்கிறார்களா, ஜாங்கோவா லாரவேலா என்று கேட்கிறார்களா என்பது புரியாது. ஒரே ஆவணத்தில் இரண்டையும் பற்றி எழுத வேண்டிய நிரலருக்கு இது உண்மையான இடர்.

சட்டகம் அப்படியன்று. சட்டம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்வு உண்டு. படத்தையும் சன்னலையும் தாங்கும் மரச்சட்டம் ஒன்று. சட்டமன்றம் இயற்றும் விதி மற்றொன்று. சட்டகம் அதிலிருந்து கிளைத்தது. வடிவு, உடல் என்ற பொருள்களையும் பழைய அகராதிகள் அதற்குத் தருகின்றன. ஃபிரேம்வொர்க்கும் மரச்சட்டம், விதி ஆகிய இரண்டும்தான். தாங்கவும் செய்கிறது, விதிக்கவும் செய்கிறது. ரெயில்ஸில் ‘புக்’ என்று நிரலில் ஒரு வகுப்புக்கு, அதாவது கிளாஸுக்கு, பெயரிட்டால், தரவுத்தளத்தில் ‘புக்ஸ்’ என்ற பன்மைப் பெயரில் அட்டவணை இருக்கும் என்று அதுவே எடுத்துக்கொள்கிறது. எங்கும் எழுதித்தர வேண்டியதில்லை. ஆனால் மரபை மீறினால் ஒவ்வொரு மீறலையும் தனியாக எழுதித்தர வேண்டும். இந்த விதிக்கும் தன்மையைக் கட்டமைப்பு என்ற சொல் காட்டுவதில்லை. சட்டம் என்று மட்டும் சொன்னால் நீதிமன்றம் நினைவுக்கு வரும். சட்டகம் அந்தக் குழப்பத்தைத் தவிர்த்து, இரு பொருளின் சாயலையும் வைத்துக்கொள்கிறது. வலைச் சட்டகம், (பயனர் காணும் பக்கத்துக்கான) முன்முகச் சட்டகம், சோதனைச் சட்டகம் என்று கூட்டுச்சொற்களுக்கும் இடம் கொடுக்கிறது.

சட்டகத்தை ஏற்பது என்றால் ஆட்சியின் ஒரு பகுதியை ஒப்படைப்பது. அப்படிப் பார்த்தால் முதலில் ஆராய வேண்டியது, அந்த ஆட்சி எந்த மண்ணில் உருவானது என்பது. ஜாங்கோ 2003-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற செய்தித்தாளின் வலைப்பிரிவில் பிறந்தது. அட்ரியன் ஹொலோவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் செய்தியறையின் அவசரத்துக்கு ஈடுகொடுத்துத் தளங்களை எழுதினார்கள். காலையில் கேட்ட வசதி மாலைக்குள் வேண்டும் என்ற சூழல் அது. அந்தத் தளங்களிலிருந்து பிரித்தெடுத்த பொதுவான பகுதி 2005 ஜூலையில் வெளியிடப்பட்டது. நிர்வாகப் பக்கத்தைத் தானே உருவாக்கித் தரும் அதன் புகழ்பெற்ற வசதி, நிரல் தெரியாத செய்தியாளர்கள் உள்ளடக்கத்தைத் தாங்களே பதிவேற்ற வேண்டியிருந்த தேவையோடு பொருந்துவது. ரெயில்ஸும் இப்படித்தான்: பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் செயலியிலிருந்து டேவிட் ஹைன்மையர் ஹான்சன் அதைப் பிரித்தெடுத்து 2004-இல் வெளியிட்டார்.

ஆகவே உங்கள் செயலி அந்தத் தாய்ச் செயலிகளின் சாயலில் இருந்தால், அதாவது உறுப்பினர் பதிவு, பட்டியல், தேடல், திருத்தம், அனுமதி நிலைகள் என்று போனால், தயங்காமல் சட்டகத்தை எடுங்கள். கடவுச்சொல்லைப் பாதுகாப்பாகச் சேமிப்பதை மட்டும் சொந்தமாக எழுதிப் பாருங்கள் என்று நான் எந்தப் புதியவருக்கும் சொல்ல மாட்டேன். பலர் பல ஆண்டுகள் அடிபட்டுக் கற்றது சட்டகத்துக்குள் இருக்கிறது. ஜாங்கோவின் இடைமுகத் தொடர்களுக்குத் தமிழ் மொழிக்கோப்பும் அதனுடனேயே வருவதைத் தமிழ்த் தளம் கட்டுவோர் கவனிக்கலாம்.

ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களைக் காட்டும் தளத்துக்கோ, அழைப்பிதழ் போன்ற நான்கு பக்கங்களுக்கோ எதுவும் வேண்டாம். ஹெச்டிஎம்எல் கோப்புகள் போதும். அவை பல ஆண்டுகள் பராமரிப்பின்றி நிற்கும். நொடிக்குப் பலமுறை தரவு ஓடும் விளையாட்டு, வரைபடம் போன்றவற்றிலும் பொதுச் சட்டகத்தின் விதிகள் கையைக் கட்டக்கூடும்.

இடைப்பட்ட நிலைதான் கடினம். அங்கே ‘சட்டகமே வேண்டாம், நாமே எழுதுவோம்’ என்று தொடங்கும் குழு, முகவரிகளைப் பிரிக்க ஒரு கோப்பு, அமர்வுக்கு ஒரு கோப்பு, பக்கங்களின் அச்சான வார்ப்புருவுக்கு ஒரு கோப்பு என்று சேர்த்துக்கொண்டே போகும். ஆறு மாதத்தில் அவர்களிடமும் ஒரு சட்டகம் இருக்கும். அதற்கு ஆவணம் இருக்காது, புதிதாகச் சேருபவர் அதைக் கற்க வழியிருக்காது, ஓட்டை கண்டுபிடிக்க வெளியே ஆள் இருக்காது. இந்த நிலைக்கு ஆர்மின் ரோனாகர் 2010-இல் வெளியிட்ட ஃபிளாஸ்க் போன்ற சிறுசட்டகம் நல்ல விடை. முகவரியைப் பிரிப்பதையும் வார்ப்புருவையும் அது பார்த்துக்கொள்ளும். தரவுத்தளமும் படிவமும் உங்கள் விருப்பம்.

ஒப்படைத்த ஆட்சிக்கு விலையும் உண்டு. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் என்ற முன்முகச் சட்டகம் 2010-இல் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 2016-இல் வந்த ஆங்குலர் 2 அதோடு ஒத்துப்போகாத முழு மறுஎழுத்து. பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. அதில் செயலி கட்டியிருந்தவர்கள் மாற்றி எழுதும் செலவைத் தாங்களே ஏற்க வேண்டியிருந்தது. இன்னொரு விலை கடுமையானது. அப்பாச்சி ஸ்டிரட்ஸ் என்ற ஜாவா சட்டகத்தில் கண்டறியப்பட்ட ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளியாகிவிட்டது. அமெரிக்கக் கடன் மதிப்பீட்டு நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் அதை நிறுவாமல் விட்ட ஒரு செயலி வழியாக மே மாதத்தில் ஊடுருவல் நடந்தது; ஏறத்தாழ 14.7 கோடி பேரின் தகவல்கள் திருடப்பட்டன. சட்டகம் தன் கடமையைச் செய்தாலும் அதைப் புதுப்பிக்க உங்களிடம் ஆள் இருக்கிறாரா என்பதைத் தேர்வுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் ‘இல்லை’ என்றால் நான் சிறியதையே எடுப்பேன், அல்லது பராமரிப்பைப் பிறர் ஏற்கும் ஆயத்தத் தளத்துக்குப் போவேன்.

திரையின் தோற்றத்தைக் கட்ட உதவும் ரியாக்ட்டை எந்தப் பெயரால் அழைப்பது, சட்டகமா நிரலகமா, என்ற வழக்கு தமிழிலும் வரும். 2013-இல் ஃபேஸ்புக் அதை வெளியிட்டபோது நிரலகம் என்றே அறிமுகப்படுத்தியது. இன்றும் அது தன்னை அப்படியே சொல்லிக்கொள்கிறது. முகவரிகளைப் பிரிப்பது, தரவைக் கொண்டுவருவது போன்றவை அதில் இல்லை. அவற்றைச் சேர்த்துத் தரும் நெக்ஸ்ட் போன்றவையே சட்டகங்கள் எனப்படுகின்றன. புதிய செயலியை அப்படிப்பட்ட ஒன்றோடு தொடங்குமாறு ரியாக்ட்டின் ஆவணங்களே 2023-இல் பரிந்துரைத்தன. ஆயினும் ஜான்சனும் ஃபூட்டும் தந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நீங்கள் எழுதும் உறுப்புகளை எப்போது அழைத்து எப்போது திரையில் வரைவது என்று தீர்மானிப்பது ரியாக்ட்தான். முழுச் செயலியின் அளவில் அது நிரலகம்; திரையின் எல்லைக்குள் அது சட்டகம். தமிழில் எழுதும்போது நான் எந்த எல்லையைப் பற்றிப் பேசுகிறேனோ அதற்கேற்ற சொல்லையே இடுகிறேன்.