ஆஸ்பத்திரி பில் எந்த வரியில் ஏறுகிறது?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ தனியார் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பும் குடும்பம் பெரும்பாலும் டாக்டர் ஃபீஸைத்தான் குறை சொல்லும். பில்லை வரிவரியாகப் பாருங்கள். மருந்து, ஊசி, கையுறை, டிரிப் செட், லேப், ஐ.சி.யூ. வாடகை என்று நீளும் பகுதிதான் பல பில்களில் தொகையை ஏற்றியிருக்கும்.

டிரிப் செட்டுக்கும் சிரிஞ்சுக்கும் உறையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைத்தான் நோயாளி கட்டுகிறார். மருத்துவமனை மொத்தமாக வாங்கும் விலை அதைவிட மிகக் குறைவு. இடைவெளி முழுக்க லாபம். அதனால் ஒரே தரத்தில் இரண்டு கம்பெனிப் பொருள் வந்தால், அதிக எம்.ஆர்.பி. போட்டதற்கே கிராக்கி. விலையைக் குறைக்க வேண்டிய போட்டி இங்கே விலையை ஏற்றுகிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018-ல் தில்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,700 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு வந்தது. அதுவரை நோயாளிகள் அதற்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். ஆனால் ஸ்டென்ட் வைக்கும்போது கூடவே பயன்படும் பலூனுக்கும் கதீட்டர் என்ற மெல்லிய குழாய்க்கும் அந்த வரம்பு போடப்படவில்லை.

போச்சம்பள்ளிச் சந்தையில் ஆடு வாங்குகிறவர் நாலு பேரிடம் விலை கேட்பார், பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்புவார். நெஞ்சுவலிக்காரருக்கு இரண்டுமே முடியாது. என்ன தேவை, எவ்வளவு தேவை, என்ன விலை என்ற மூன்றையும் விற்பவரே முடிவு செய்கிறார். கடனில் வாங்கிய ஸ்கேன் மெஷினுக்குத் தவணை கட்ட வேண்டும் என்பதும் அந்த முடிவுக்குள் நுழைகிறது.

பென்னாகரம், அரூர், அஞ்செட்டிப் பக்கமிருந்து அனுப்பப்படும் நோயாளிக்கு இன்னொரு சுமையும் சேரலாம். நோயாளியை அனுப்பியதற்கு மருத்துவர் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. இருந்தும் அது நடக்கும் இடத்தில், அந்தப் பணமும் நோயாளியின் பில்லில்தான் ஏறும். எந்த மருத்துவமனை என்பதை ஆம்புலன்ஸ் டிரைவரோ தரகரோ முடிவு செய்ய விடாதீர்கள்.

பாம்புக்கடி என்றால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். முதல் டோஸுக்கே பத்துக் குப்பி வரை ஆகும் என்பதால் வெளியில் செலவு கடுமையாக ஏறும். சாலை விபத்தென்றால், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே வரம்புக்கு உட்பட்டுப் பணம் கட்டுகிறது.

உள்நோயாளியாக இருக்கும்போது பில்லை அன்றாடம் கேட்டு வாங்குங்கள். கடைசி நாளில் மொத்தமாக வரும் பில்லில், திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்பட்டதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. மருந்தை அங்கேயே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. சீட்டில் கம்பெனிப் பெயரை மட்டும் போடாமல் மருந்தின் மூலப் பெயரை (ஜெனரிக் பெயர்) எழுதித் தரச் சொல்லலாம். சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்யலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். அறுவைக்கு முன்பே அட்டையைக் காட்டி முன் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.