ஒத்ததிர்வு: ஷோகேஸ் கண்ணாடி ஏன் கூடவே முனகுகிறது?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரில் கச்சேரியின் தனியாவர்த்தனம், அதாவது தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் பகுதி, ஓடும்போது, மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் பக்கத்தில்) விழும் ஒரு கனத்த அடிக்கு மட்டும் அந்தக் கதவு ‘ங்ங்’ என்று கூடவே முனகும். பாட்டுக்கும் வயலினுக்கும் அசையாது. கதவில் விரலை வைத்தால் போதும், முனகல் அடங்கிவிடும். இதைத்தான் ரெசனன்ஸ் என்கிறோம்.

லத்தீனில் ‘சோனாரே’ என்றால் ஒலித்தல். முன்னால் ‘ரே’ சேர்ந்தால் மீண்டும் ஒலித்தல், அதாவது எதிரொலித்தல். இயற்பியலில் இந்தச் சொல்லின் பொருள் இன்னும் நுட்பமானது. எந்தப் பொருளையும் தட்டிவிட்டால் அது நொடிக்கு இத்தனை முறை என்று தனக்கே உரிய வேகத்தில் அதிரும். அது அதன் இயல்பு அதிர்வெண். வெளியிலிருந்து வரும் அதிர்வும் அதே எண்ணில் இருந்தால், சின்னச் சின்ன உந்தல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகிவிடும்.

தமிழ்ச் சொல் இந்தக் காரணத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஒத்து அதிர்வது ஒத்ததிர்வு. நாகசுரத்துக்குச் சுருதி ஊதும் கருவிக்கும் ஒத்து என்றுதான் பெயர். ஒத்திசைவு என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஹார்மனிக்கும் அதே சொல் புழங்குவதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இலங்கைப் பாடநூல்களில் இது ‘பரிவு’. பக்கத்தில் ஒன்று நடுங்க, தானும் நடுங்குவதைப் பரிவு என்றவருக்கு நல்ல காது இருந்திருக்கிறது! ஆனாலும் இரக்கம் என்ற பொருள் முந்திக்கொண்டு வருவதால், இங்கே நம் பேச்சுக்கு ஒத்ததிர்வுதான் தெளிவு.

வெறும் வைப்ரேஷன் வேறு. அது அதிர்வு. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’ என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஒலிக்கும் பொருள் எல்லாம் அதிரும்; ஒத்ததிர்வுக்கு எண் பொருந்த வேண்டும். வீணையின் பலாமரக் குடம் அதிர்ந்து நாதத்தை வளர்க்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி அப்படிச் செய்தால், பாடகர் குரலில் பெட்டியின் குரலும் கலந்துவிடும். அதனால்தான் பெட்டிக்குள் குறுக்குக் கட்டைகள் வைத்து இறுக்குகிறார்கள்.

இசைத்தட்டு கேட்பவர்களுக்கு இன்னொன்று. ஊசி தாங்கும் கைக்கும் ஒத்ததிர்வு உண்டு. அதை 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வைக்கப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே போனால், நெளிந்த தட்டின் ஏற்ற இறக்கமே கையை ஆட்டிவிடும். மேலே போனால், 20 ஹெர்ட்ஸில் தொடங்கும் கேட்கும் ஒலியை நெருங்கிவிடும்.

சரி, ஷோகேஸுக்கு வருவோம். எல்லாம் வைப்ரேஷன்தானே என்று நினைத்து, முதலில் ஸ்பீக்கருக்கு அடியில் ரப்பர் வைத்தேன். தரைக்கு இறங்கும் அதிர்வு குறைந்தது; கீழ்வீட்டுக்காரருக்கு அது நல்லது. கண்ணாடியோ முனகிக்கொண்டேதான் இருந்தது. அதற்கு அதிர்வு போனது தரை வழியாக அல்ல, காற்று வழியாக. அப்புறம் கதவு ஓடும் பள்ளத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கம்பளித் துணியைச் செருகினேன். இப்போது அதே இடத்தில் தொப்பி மட்டும் கேட்கிறது.