வெள்ளைப் பொய்யா, புரைதீர் பொய்யா?

மொழிபெயர்ப்புக் கதைகளிலும் படங்களுக்குக் கீழே ஓடும் தமிழ் வரிகளிலும் ‘வெள்ளைப் பொய்’ என்ற சொல் இப்போது சகஜமாகப் புழங்குகிறது. யாருக்கும் கெடுதல் இல்லாத, எதிரில் இருப்பவர் மனம் நோகக்கூடாதே என்று சொல்லும் சின்னப் பொய் என்பது பொருள். முடி வெட்டிக்கொண்டு வந்து “எப்படி இருக்கு?” என்று கேட்பவரிடம் “பிரமாதம்” என்று சொல்லிவிட்டு நாம் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறோமே, அது. பொருளில் தகராறு இல்லை. சொல்தான் காதில் ஒட்டவில்லை.

ஆங்கிலத்தில் இந்தத் தொடர் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. வெள்ளை மாசற்றது, கறுப்பு தீயது என்ற நிறக்கணக்கில் பிறந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் எடுத்து வைத்தால் வேறு எங்கோ போய் நிற்கிறது. நமக்கு வெள்ளை மனசு என்றால் சூதுவாது தெரியாத மனசு. வெள்ளந்தி என்றால் கள்ளமில்லாதவர், கொஞ்சம் விவரம் போதாதவரும்கூட. குறளில் ‘வெண்மை’ என்பதற்கு அறிவின்மை என்றே ஒரு பொருள் இருக்கிறது. தன்னைத் தானே அறிவாளி என்று நினைத்துக்கொள்ளும் செருக்குக்கு வள்ளுவர் வைத்த பெயர் அது. ஆக, இந்த மொழியின் நியாயப்படி வெள்ளைப் பொய் என்றால் சொல்லத் தெரியாமல் சொல்லி மாட்டிக்கொள்ளும் பொய். வாயெல்லாம் சர்க்கரையை அப்பிக்கொண்டு “நான் திங்கலை” என்று நிற்கும் குழந்தையின் பொய்.

பொய்க்கு நிறம் பூசும் வழக்கம் நம்மிடமும் உண்டு, ஆனால் அது பச்சை. பச்சைப் பொய் என்பதில் உள்ள பச்சை, இலையின் நிறம் அல்ல. பச்சைத் தண்ணீர், பச்சை மண் என்பதில் உள்ள பச்சை. காய்ச்சாமல், பக்குவம் செய்யாமல் அப்படியே தூக்கி எதிரில் வைத்த பொய். வேடிக்கை என்னவென்றால் ‘வடிகட்டின பொய்’ என்றாலும் அதே பொருள்தான். பக்குவம் செய்தாலும் செய்யாவிட்டாலும் பொய் பொய்தான் என்று மொழி முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

சரி, பொய் என்ற சொல்லுக்கு வருவோம். பழைய அகராதிகளில் இதற்கு மரப்பொந்து என்றும் ஒரு பொருள் கிடைக்கிறது. பொந்து, பொத்தல், பொள்ளல், பொக்கை என்று ‘பொ’வில் தொடங்கும் ஒரு கூட்டமே உள்ளீடு இல்லாததைச் சொல்வது. பொய்யும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் எதிர்ச்சொல் ‘மெய்’ பக்கத்திலேயே நிற்கிறது. மெய் என்றால் உடம்பு, தொட்டால் தட்டுப்படுவது. பொய் என்றால் வெளியே மரமாகத் தெரிந்து, தட்டினால் உள்ளே ஒன்றும் இல்லாதது.

இதை இன்னும் நன்றாகக் காட்டுவது ‘பொய்த்தல்’ என்ற வினை. மழை பொய்த்தது, கணிப்பு பொய்த்தது, கனவு பொய்த்தது என்கிறோம். “விண்இன்று பொய்ப்பின்” என்று குறளும் பேசுகிறது. வானம் யாரையும் ஏமாற்றத் திட்டம் போடவில்லை. வரும் என்று எதிர்பார்த்தது வரவில்லை, அவ்வளவுதான். ஐரோப்பியச் சிந்தனையில், குறிப்பாக 4, 5ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினுக்குப் பிறகு, பொய் என்றால் முதலில் தேடப்படுவது சொல்பவரின் உள்நோக்கம். அவர் பொய்யை 8 வகையாகப் பிரித்து, யாருக்கும் தீங்கு செய்யாமல் ஒருவருக்கு நன்மை செய்யும் வகை உட்பட எட்டையுமே கூடாது என்றார். தமிழ்ச் சொல்லோ நம்பியவன் பக்கம் நின்று பார்க்கிறது. ‘ஏமாற்றம்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒருவன் வஞ்சித்தாலும் ஏமாற்றம், நினைத்தது நடக்காவிட்டாலும் ஏமாற்றம்.

இந்த இடத்தில் உண்மை உள்ளத்துக்கு, வாய்மை வாய்க்கு, மெய்மை உடம்புக்கு என்ற விளக்கத்தை யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். மேடைக்கு அழகாக இருக்கும், ஆனால் எனக்கு அது கொஞ்சம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. உண்மை என்பது ‘உள்’ளது என்பதிலிருந்து வந்தது என்பது போதும்.

மனிதர் ஏன் பொய் சொல்கிறார் என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி வேண்டாம், பேச்சுச் சொற்களை வரிசையில் நிறுத்தினாலே போதும் என்று சில சமயம் தோன்றும். மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சொல்வது சாக்கு. தன்னைப் பெரிதாகக் காட்டச் சொல்வது அளப்பு, உதார், ரீல். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நழுவுவது மழுப்பல். காரியம் சாதிக்கச் செய்வது புரட்டு, பித்தலாட்டம். ரீல் விடுபவன் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். “காதுல பூ சுத்தாதே” என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். புரட்டு செய்பவனிடம் அப்படிச் சிரிக்க முடியாது.

ஆராய்ச்சியும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பெல்லா டிபாலோவும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், சொன்ன பொய்களை அன்றன்றைக்குக் குறித்து வைக்கச் சொன்னபோது கல்லூரி மாணவர்களுக்குச் சராசரியாக நாளைக்கு 2, மற்றவர்களுக்கு 1 என்று வந்தது. அவற்றில் பிறருக்காகச் சொன்னதைவிடத் தனக்காகச் சொன்னதுதான் அதிகம். 2010இல் 1,000 அமெரிக்கர்களிடம் நடந்த கணக்கெடுப்பு இன்னும் சுவாரசியம்: சராசரி நாளைக்கு 1.65 பொய்; ஆனால் முந்தைய 24 மணி நேரத்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்றவர்கள் 60 சதவீதம். மொத்தப் பொய்களில் பாதியைச் சொன்னவர்கள் வெறும் 5 சதவீதம். “எல்லாரும்தான் பொய் சொல்கிறார்கள்” என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது வெள்ளைப் பொய்க்குத் தமிழ் என்ன? முடிவெட்டு விஷயத்தில் சொன்ன அந்த “பிரமாதம்” போன்றவற்றுக்குச் சொல் நம் வாயிலேயே இருக்கிறது: ஒப்புக்குச் சொல்வது. “ஒப்புக்குச் சொன்னேன்”, “பேச்சுக்குச் சொன்னேன்” என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். புதுச்சொல் ஆக்கத் தேவையே இல்லை. ‘ஒப்புக்குச் சொன்ன பொய்’ என்று எழுதினால் எந்த வாசகரும் தடுக்கி விழமாட்டார்.

ஆனால் ஆங்கிலத் தொடர் இன்னொன்றையும் தன் நிழலில் சேர்த்துக்கொள்கிறது: நியாயம் உள்ள பொய். ஒருவர் உயிரைக் காப்பாற்றச் சொல்வது. இரண்டையும் ஒரே வெள்ளையில் முக்குவதுதான் குழப்பம். தமிழில் இரண்டாவதற்குச் சொல் தேடினால் இந்தக் குறளில் போய் முட்டுகிறோம்:

பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்.

ஒப்புக்குச் சொன்ன பொய்யிலிருந்து கல்யாணத்துக்குச் சொன்ன ஆயிரம் பொய் வரை எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க இழுத்து வரப்படும் குறள் இது. இழுப்பவர்கள் பெரும்பாலும் ‘நன்மை’யோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ‘புரைதீர்ந்த’ இருக்கிறது, கடைசியில் ஒரு ‘எனின்’ வேறு.

புரை என்றால் குற்றம் என்று உரை சொல்லும். சரிதான். ஆனால் அந்தச் சொல்லின் உடம்பைப் பாருங்கள். புரை என்றால் உள்துளை. மேலே மூடியது போலிருந்து உள்ளே சீழ் வைத்துப் பரவும் புண்ணைப் புரையோடிய புண் என்கிறோம். கண்ணின் வில்லை மங்கிப் பார்வையை மறைத்தால் கண்புரை. வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும் கோளாறுதான் புரை. பொய்யே ஒரு பொந்து. அதிலிருந்து வரும் நன்மையில் பொந்து இருக்கக்கூடாது என்கிறது குறள். லேசான நிபந்தனை இல்லை. “அவனுக்கு நல்லதுதானே செய்தேன்” என்பவரின் நன்மைக்குள் தனக்கு வேண்டிய ஒரு சின்ன வசதி ஒளிந்திருந்தால் அங்கேயே புரை.

பரிமேலழகர் எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டார் என்பது அவர் உரையில் தெரியும். கேடோ சாவோ வந்து சேர இருந்த ஓர் உயிர், அந்தப் பொய்யாலேயே அதிலிருந்து தப்பி இன்புறுவது என்று விளக்குகிறார். முடிவெட்டு அந்தப் பட்டியலில் வராது.

அவர் சொன்ன அதே இடத்தை 1797இல் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் வேறு விதமாகக் கடந்தார். கொலைகாரன் வாசலில் வந்து “உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?” என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக்கூடாது என்றார் கான்ட். நீ “இல்லை” என்று சொல்லி அனுப்ப, நண்பன் அதற்குள் பின்வழியாக வெளியேறி அவனிடமே சிக்கினால் உனக்கும் அதில் பங்குண்டு என்பது அவர் வாதம். பிரெஞ்சுக்காரரான பெஞ்சமின் கான்ஸ்டன்ட்டுக்கு எழுதிய பதில் அது. உண்மையைக் கேட்கும் உரிமை கொலைகாரனுக்கு ஏது என்பது கான்ஸ்டன்ட்டின் கட்சி. நான் கான்ஸ்டன்ட், பரிமேலழகர் பக்கம்.

தருமர் கதையும் இங்கே வந்துதான் தீரும். “அசுவத்தாமன் இறந்தான்” என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தப் பெயருள்ள யானை இறந்தது நிஜம். சொல்லளவில் பொய்யே இல்லை. ஆனால் துரோணர் நம்பியதோ மகன் இறந்தான் என்று. தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய தேர் அந்த நொடியில் மண்ணில் இறங்கியதாகக் கதை. பொய் சொல்லாமலே வஞ்சிக்கலாம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். இதை அரை உண்மை என்று எழுதுகிறார்கள். வஞ்சனை என்ற சொல் இருக்கும்போது அளவு எதற்கு?

இலக்கணக்காரர்கள் நமக்கு ஒரு சொல்லை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள்: வழுவமைதி. பசுவைக் கொஞ்சி “என் அம்மை வந்தாள்” என்றால் அது திணை வழு. உவப்பினால் சொன்னதால் அமைத்துக்கொள்ளப்படும். பெண் குழந்தையை “வாடா கண்ணா” என்றாலும் அப்படியே. பிழை சரியாகிவிடவில்லை. பிழையாகவே இருந்துகொண்டு, காரணத்தால் பொறுக்கப்படுகிறது. ‘வாய்மை இடத்த’ என்பதையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். வாய்மை ஆகிவிடாது, அதன் இடத்தில் உட்கார விடப்படும். ஆகவே நியாயம் உள்ள பொய்க்கு என் பரிந்துரை ‘புரைதீர் பொய்’. குறளில் புரைதீர்ந்தது நன்மைதான், பொய் அல்ல என்று யாராவது சுட்டிக்காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். சொல் கைக்கு வந்துவிட்டதால் ஒரு பொய்யை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரிந்துவிடாது. பெரியம்மாவுக்கு வயிற்றில் வந்த கட்டி சாதாரணமானதல்ல என்று தெரிந்தபோது, வீட்டில் எல்லோருமாகக் கூடி அதற்கு அல்சர் என்று பெயர் வைத்தோம். போய்ச் சொன்னது நான்.

“வயித்துப்புண்தான் பெரியம்மா. மாத்திரையிலயே சரியாயிடும்.”

“அப்படியா. சரிடா.”

நான்கு மாதம் அப்படியே ஓடியது. ரிப்போர்ட் இருந்த கவரைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தோம். அவர் எதிரில் சிரித்தோம், அடுத்த அறையில் அழுதோம். புரைதீர்ந்த நன்மை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்டா. நான் கேட்டா உங்க முகமெல்லாம் என்னாகும்னுதான் கேக்கலை.”

எனக்குப் பேச்சு வரவில்லை. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தங்கையின் நம்பரைக் கேட்டார். போனில் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

“அவகிட்டயாவது அல்சர்னு சொல்லாத.”