சரிவு மனைக்கு ஜேசிபி கூப்பிடும் முன்

நெல்லை மாவட்டத்தில் அம்பை, பாபநாசம், களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் மனை வாங்கியவர்கள் என்னிடம் வந்ததும் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சார், ஜேசிபி விட்டு மட்டம் பண்ணியாச்சு, இனி நீங்க படம் போடுங்க." பாதிச் செலவை அங்கேயே இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ரோட்டிலிருந்து பின்பக்கம் 10 அடி இறங்கும் 5 சென்ட் மனை என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ரோட்டு மட்டத்துக்கு நிரப்பினால் பின்னால் 10 அடி உயரத் தாங்குசுவர் வேண்டும். அது காம்பவுண்ட் சுவர் மாதிரி சும்மா நிற்பதில்லை. பின்னால் மழைநீர் தேங்கினால் 5 அடிச் சுவர் வாங்கும் தள்ளலைப்போல 10 அடிச் சுவர் நாலு மடங்கு வாங்கும். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நாலரை டன்னுக்கு மேல். மண்ணின் தள்ளல் தனி. 2023 டிசம்பர் 17, 18 மழையைப் பார்த்த நம்மூர்க்காரர்களுக்கு இது ஏட்டுக் கணக்காகத் தோன்றாது. குட்டைச் சுவரானாலும் பின்னால் ஜல்லி நிரப்பி, நாலடிக்கு ஒன்றாக, தண்ணீர் வடிய வெளியே சாய்ந்த 3 அங்குலக் குழாய் வைத்தே ஆகவேண்டும். பூசும்போது அழகுக்காகக் குழாய் வாயை அடைத்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட, வீட்டையே சரிவோடு இறக்கிவிடலாம். ரோட்டு மட்டத்தில் ஹால், சமையலறை, குளியலறை, ஒரு படுக்கையறை. மூட்டுவலிக்காரர்கள் படியே இறங்க வேண்டாம். ஆறு படி கீழே மற்ற அறைகள். அதற்கும் கீழே உள்ள சரிவைத் தொடாமல் வெட்டிவேர் நடுங்கள், மண் அரிக்காது. கடைக்கால் (அஸ்திவாரம்) எல்லா இடத்திலும் பழைய கெட்டி மண்ணையோ சரளையோ தொட வேண்டும். நிரப்பிய மண்மேல் நின்றால், அது அமரும்போது சுவர் வெடிக்கும்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒன்று. மேற்கு உயர்ந்து கிழக்கு தாழ்ந்திருந்தால் நல்லது என்கிறீர்கள். இங்கே மலை மேற்கே, தாமிரபரணி ஓடுவது கிழக்கே; நிலம் பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கிறது. காசு கொடுத்து அதை ஏன் மட்டமாக்குகிறீர்கள்?

ரோட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் வாசலுக்குக் குறுக்கே மூடி போட்ட வடிகால் வேண்டும். கீழ்மனைக்காரர் தலையில் அதைத் திருப்பிவிடாதீர்கள். செப்டிக் டேங்க் தாழ்ந்த பக்கம், கிணற்றிலிருந்தும் கடைக்காலிலிருந்தும் தள்ளி.

அப்புறம், மலையடிவாரக் கிராமங்கள் சில மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் (ஹாகா) பட்டியலில் வரும். அங்கே வழக்கமான கட்டட அனுமதி மட்டும் போதாது. முன்பணம் கொடுக்கும் முன்பே சர்வே எண்ணோடு போய் விசாரித்துவிடுங்கள்.